யாருடைய அளவு

1

குழந்தைகள் பம்பு சோதனையில் தேறிவிட்டது. தேறியிருக்கவே கூடாது.

இதை அவள் மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டாள். கதையை இங்கே தொடங்குகிறேன். (முதலில் ‘திரையின் வெளிச்சத்தில் அவள் முகம்’ என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.) கதைக்கரு என் தங்கையுடையது. ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றும் பம்புகளுக்குக் கணினி நிரல் எழுதுகிறாள். “அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று போனில் ஆரம்பித்தாள். மீதி, இந்த ‘அவள்’ உட்பட, என் கற்பனை.

2

நிரலில் ஒவ்வொரு பம்பும் ஓர் அச்சிலிருந்து வருகிறது. அதைக் கிளாஸ் என்பார்கள். தாய் அச்சில் இருப்பது, சேய் அச்சு தனக்கென்று ஒன்றைச் சொல்லாதவரை, அதற்கும் வந்துவிடும். அச்சுகளையே வார்க்கும் அச்சு ஒன்று மேலே உண்டு. மெட்டாகிளாஸ். அதில் அவள் ஒரு காவல் வைத்தாள்: மருந்துக்கு உச்ச அளவு இல்லாத எந்த அச்சும் பிறக்கக் கூடாது.

குழந்தைகள் பம்பு வந்தது. அளவு இருக்கிறதா? இருக்கிறது. யாருடையது என்று காவல் கேட்கவில்லை.

பெரியவர்களுடையது.

(எனக்கும் அம்மாவிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது: யாராவது குரலை உயர்த்தினால் ‘சரிங்க’ என்று முந்திக்கொள்ளும் நாக்கு. கதையில் இவளை வார்ப்பவள் நான். எது எது இறங்கியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.)

3

டீம் லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“குழந்தைங்க பம்புக்கு அளவு போட்டுட்டீங்கல்ல? அப்புறம் ஏன் இந்த மூஞ்சி?”

“காவலை மாத்தி, சொந்த அளவு இருக்கான்னு கேக்க வச்சேன் சார். இன்னும் பதினோரு பம்பு தாய் அச்சோட அளவுலதான் ஓடுது.”

“அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். இந்த வெர்ஷன் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிங்களுக்குப் போயாகணும். பழைய காவலையே வச்சு ஓட்டுங்க, எல்லாம் தேறிடும். இந்தப் படிவத்துல ‘சரிபார்த்தேன்’னு ஒரு கையெழுத்து. உங்க சொத்தையா எழுதித் தரச் சொல்றேன்?”

“அவங்க சொத்தே அந்த உடைஞ்ச நாற்காலிதான் சார்” என்றாள் பக்கத்து மேசைக்காரி. சொன்னவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

4

முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறாள். எதுவும் ஆகவில்லை.

முடிவு இரண்டு: கையெழுத்திடுகிறாள். ஏதோ ஒரு வார்டில் நர்ஸ் பொத்தானை அழுத்துகிறாள். மருந்து அளவின் எண் தடையில்லாமல் ஏறுகிறது. கட்டிலில் அந்தக் குழந்தை

இல்லை. எழுத மாட்டேன்.

இரண்டிலும் கையெழுத்திட வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா? அதற்குப் பிறகும் அவள் வாயில் ‘சரிங்க சார்’ என்றுதான் எழுதினேன். அடித்தேன். மறுபடியும் அதுவே வந்தது. வேலை போகுமா, போகாதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது.

அவள் படிவத்தை டீம் லீடர் பக்கமாக மெல்லத் தள்ளினாள்.

“இல்ல சார். நான் போட மாட்டேன்.”