பாக்கெட்டைப் பார்க்காத பரீட்சை

இப்போதெல்லாம் யாரும் பிள்ளை பெறுவதில்லை. மேதைகளைத்தான் பெறுகிறார்கள். எதிர் வீட்டில் ஒன்று இருக்கிறது, நடக்கப் பழகும் முன்பே நிறத்தின் பெயரெல்லாம் சொல்லுகிறதாம். அதன் அம்மா அதைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறாள். மேல்மாடியில் இன்னொன்று. ஊட்டிவிட்டால்தான் சாப்பிடும், ஆனால் அபார மூளையாம். இத்தனை மேதைகளும் வளர்ந்து நின்றால் குழாய் உடைகிறபோது யார் வந்து பார்ப்பது என்று கேட்டேன். "பெரியவர் எப்பவும் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த வியாதி எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் பேத்திக்குப் பத்து வயது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள் என்பதால் நான் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய கணக்கு டீச்சர் என்னத்தைப் பார்த்தாரோ, தனித்திறமை உள்ள பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஏதோ வகுப்பு நடக்கிறது, இவளைச் சேருங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு பருவம் முழுக்க வாரக் கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த கட்டத்துக்குப் போக ஒரு பரீட்சை. தேறினால் மேலே, இல்லையென்றால் அதோடு சரி.

"இலவசமா?" என்று மகனிடம் கேட்டேன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"ஆமாப்பா."

"எதுக்கு இலவசம்? அவங்களுக்கு என்ன லாபம்?"

"நல்லா படிக்கிற பிள்ளைங்க மேல வரட்டும்னுதான்."

"நம்ம வீட்டு முகவரி, போன் நம்பர், பிள்ளையோட முகம் எல்லாம் வாங்கிக்கிட்டாங்கல்ல?"

"அப்பா, அவங்க வந்து நம்ம பாத்திரத்தையா தூக்கிட்டுப் போகப்போறாங்க?"

மருமகள் அடுப்படியிலிருந்து, "மாமா, அவ தூக்கத்துல கூட அந்த வகுப்பைப் பத்தித்தான் பேசுறா. கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்றாள். அது எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் இவள் கேள்வி கேட்டால் உட்கார் என்பார்களாம். அங்கே கேள்வி கேட்டால் இன்னும் கேள் என்கிறார்களாம். அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. கேட்கிறதையெல்லாம் கொடுக்கிறவனை நான் நம்பினது கிடையாது.

நான் ஒரு சட்டைக் கம்பெனியின் கேட்டில் காவல் இருந்தவன். ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் வேலை. ஆளின் முகத்தைப் பார்க்கவே மாட்டேன். முகம் பொய் சொல்லும். உடுப்பு எங்கே புடைத்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன்.

பரீட்சை அன்று காலை மகனுக்கு அவசரமாக அழைப்பு வந்தது. எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறார்களாம். மருமகள் மருந்துக் கடை வேலைக்குப் போயாக வேண்டும். "மாமா, நீங்க அடுப்படியிலேயே இருங்க. அறைக்குள்ள போகாதீங்க, பேசாதீங்க. வேற ஆள் குரல் கேட்டா பரீட்சையை நிறுத்திடுவாங்க" என்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

அறைக் கதவு சரியாகச் சாத்தாது. மரம் உப்பிப்போய் ஒரு சந்து விட்டுத்தான் நிற்கும். அந்தச் சந்தில் நின்றுகொண்டேன். கம்ப்யூட்டரில் ஒரு அம்மா தெரிந்தார். மூக்குக் கண்ணாடி, அமைதியான குரல்.

"அறையைச் சுத்திக் காட்டும்மா."

வக்கீல் கம்ப்யூட்டரைத் தூக்கிச் சுவர் சுவராகக் காட்டினாள்.

"மேசைக்கு அடியில... சரி. காதைக் காட்டு. சட்டைக் கையை ஏத்திக் காட்டு. தாளும் பென்சிலும் தவிர வேற எதுவும் வச்சிருக்கக் கூடாது, சரியா?"

"சரி மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளைச் சோதனை போடுகிறார்கள். அதுவும் பத்து வயசுப் பிள்ளையை. சரி, போடுகிறதையாவது ஒழுங்காகப் போட வேண்டாமா? பாவாடையின் வலது பக்கப் பாக்கெட் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை. "ஆரம்பிக்கலாம்" என்கிறார்.

யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. "பாக்கெட்டைப் பாக்கலையே!"

வக்கீல் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும்மா அது?" என்றது கம்ப்யூட்டர்.

"என்... என் தாத்தா."

"அறையில வேற ஆள் இருந்தா இதோட நிறுத்தணும்மா. விதி அதுதான்."

"தாத்தா!" என்று கத்தினாள் அவள். "என்னையே சந்தேகப்படுறியா?"

"நான் எல்லாரையும்தான் சந்தேகப்படுவேன். உனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

சொல்லிவிட்டேனே ஒழிய, அவள் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் அந்தச் சந்திலேயே நிற்க முடியவில்லை. உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன். கேட்டில் என் முன்னால் எத்தனையோ பேர் இப்படி நின்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் முழுசாகப் பேச விட்டதில்லை.

"அம்மா, தப்பு என் மேல. பிள்ளை ஒண்ணும் செய்யல. நான் சோதனை போட்டுப் பிழைச்ச ஆளு. நீங்க பாக்கெட்டை விட்டுட்டீங்க. மனசு கேக்கல."

அந்த அம்மா வக்கீலைக் கேட்டார். "பாக்கெட்டுல என்னம்மா இருக்கு?"

வக்கீல் கையை விட்டு எடுத்தாள். சட்டைப் பொத்தான்கள், ஒரு கைப்பிடி அளவு. அவள் அம்மா பழைய சட்டையிலிருந்து வெட்டி வைத்தவை. கணக்குப் போடும்போது இவற்றை வரிசையாக அடுக்கி யோசிப்பாள். "மறந்துட்டேன் மேடம். எப்பவும் இருக்கும்" என்றாள். இந்த மறதிக் கதையைக் கேட்டில் தினமும் கேட்டவன் நான். ஆனாலும் இவள் சொன்னபோது அதை நம்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"வெளியில வச்சிடும்மா" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, பேத்திக்கு விடை சொல்லிக் கொடுக்கிற தாத்தாக்களை நிறைய பாத்திருக்கேன். பேத்தியைப் பிடிச்சுக் கொடுக்கிற தாத்தாவை இன்னிக்குத்தான் பாக்குறேன். நீங்க எனக்குத் தெரியிற மாதிரி உட்காருங்க. சுவரைப் பாத்து. முடியிற வரைக்கும் திரும்பக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். இருமல் வந்தபோதும் விழுங்கிக்கொண்டேன்.

முதலில் பென்சில் சத்தம்தான். கடைசியில் வாயால் ஒரு கேள்வி. ஏழு டம்ளர் கவிழ்ந்து கிடக்கின்றன, ஒவ்வொரு தடவையும் ஏதாவது இரண்டைத் திருப்ப வேண்டும், எல்லாவற்றையும் நிமிர்த்த முடியுமா?

"முடியும். நாலு தடவையில" என்றாள் வக்கீல் பட்டென்று. பிறகு வெறும் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பொத்தான் இருந்திருந்தால் அடுக்கிப் பார்த்திருப்பாள். என் காதில் அந்தத் தட்டல் ஆணி அடிக்கிற மாதிரி விழுந்தது.

"இல்ல மேடம், தப்பா சொல்லிட்டேன். வராது. கவிழ்ந்து கிடக்கிறது அஞ்சு, மூணு, ஒண்ணுன்னே வருது. இல்லாமப் போகவே மாட்டேங்குது."

"ஏன்?"

"தெரியல. ஆனா ஏதோ ஒரு காரணம் இருக்கு. கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடி" என்றார் அந்த அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். பரீட்சையில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நான் ஏழு டம்ளரை எடுத்துக் கவிழ்த்து, இரண்டு இரண்டாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று மிஞ்சியது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் மிஞ்சியது. முடியாத வேலையைக் கொடுத்துப் பிள்ளையைக் கழித்துக்கட்டப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோயிற்று. கழித்துவிட்டால் பழி என் தலையில்தான் விழும். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அடுத்த வாரம் மகன் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றான். "இடம் கிடைச்சிடுச்சு!"

வக்கீல் குதித்த குதியில் மேசை ஆடியது. மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் பேத்தி. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது நிஜம். ஆனால் கணக்கு இடித்தது.

"கொஞ்சம் இரு. கடைசிக் கேள்விக்கு நீ விடை சொல்லலையே?"

"சொன்னேனே, வராதுன்னு."

"முதல்ல முடியும்னே. அப்புறம் முடியாதுன்னே. ஏன்னு கேட்டா தெரியாதுன்னே. தப்பும் தெரியாததும் சொன்ன ஆளை எப்படி எடுத்தாங்க?"

"தாத்தா, அவங்க விடையைப் பாக்குறதில்ல. எப்படி யோசிக்கிறோம்னு பாக்குறாங்க."

"யோசிக்கிறது உள்ள நடக்குது. அதை எப்படி வெளியில இருந்து பாப்பாங்க? உன் பாக்கெட்டையே பாக்கத் தெரியல."

"நாந்தான் வாயால சொன்னேன்ல?"

"வாயால சொல்றதையெல்லாம் நம்புறாங்களா? அப்ப அது இன்னும் மோசம்."

"அப்பா, இன்னிக்காவது..." என்றான் மகன்.

"நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லல. போகட்டும், நல்லா படிக்கட்டும். ஆனா இதுல ஏதோ இருக்கு. இல்லாம இவ்வளவு நல்லவங்களா இருக்க மாட்டாங்க."

மூவரும் சிரித்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்றாள். "பெரியவரே, உங்க பேத்தியும் மேதை ஆயிட்டாளாமே?" என்றாள்.

"அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்தேன்.