பனியில் மேயும் மாடுகள்

எங்கள் சுவிஸ் மலைக் கிராமத்து ஊராட்சி அனுப்பிய நிலப்பட்டியலில் என் மேட்டுப் புல்வெளி ‘பயனற்ற நிலம்’ என்றிருந்தது. கொதித்துப்போய், ஒரு சீஸ் கட்டியோடு அலுவலகத்துக்குப் போனேன்.

“தின்னு பாருடா தூரி. அங்க மேயுற பதினோரு மாட்டோட பால். அதுவா பயனில்லாத நிலம்?”

எழுத்தர் தூரி மென்றுகொண்டே பழைய வரைபடத்தை விரித்தான். “அண்ணே, உங்க தாத்தா காலத்துல அது பனியாறு, அதான் பயனற்ற நிலம்னு போட்டிருக்கு. பனி உருகிப் புல்லு முளைச்சிருக்கு. புல்வெளின்னு மாத்திடவா?”

“மாத்து.”

“மாத்தினா சொந்தக்காரர் பேர் கேப்பாங்க. சுவிஸ் சட்டத்துல பனியாறு தனியாளுக்குச் சொந்தமாகாது. நீங்க யாருகிட்ட வாங்கினீங்க?”

அப்பா அங்கே மாடு ஓட்டினார், நானும் ஓட்டுகிறேன். வாங்குவதாவது!

“பனின்னே இருக்கட்டும்” என்றேன்.

சாயங்காலம் அந்தப் பனியிலிருந்து பதினோரு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு இறங்கினேன்.