சரளைக் குன்றின் படங்கள்

ஜுராந்திரா எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு வந்தவள். கறுப்பினத்தவள். சொந்த ஊர் நாட்டின் வடக்கே பஹியா பக்கம். அங்கிருந்து தெற்குக் கோடியில் இருக்கிற எங்கள் லிண்டன்டாலுக்கு பஸ்ஸில் வந்து இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும். இரும்புக்கடை மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். "மூச்ச இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க" என்று நோயாளிகளிடம் சொல்வதுதான் பல நாட்களில் அவள் பேசுகிற மொத்தப் பேச்சு. ஞாயிறு மதியம் கடைகளைச் சாத்திவிட்டால் எங்கள் தெருவில் நாய்கூட நடமாடாது. அந்த ஞாயிறுகளைக் கழிப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடு.

பாட்டுச் சங்கத்து மண்டபத்தில் ஒரு கச்சேரிக்குப் போனபோதுதான் சுவரைப் பார்த்தாள். ஊரை உண்டாக்கியவர்கள் என்று வரிசையாகப் படங்கள். எல்லாம் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். ஊரை ஒட்டிய சரளைக் குன்றில் கறுப்பு ஜனங்கள் அதே அளவு காலமாக இருக்கிறார்கள். ரயில்பாதைக்குச் சரளை வெட்டியதும் அவர்கள்தான். சுவரில் அவர்களில் ஒரு முகம்கூட இல்லை.

சங்கத்தின் கலாசார வாரத்துக்குத் தொண்டர்கள் தேவை என்று அறிவித்ததும் ஜுராந்திரா போய்ப் பெயர் கொடுத்தாள். முதல் கூட்டத்திலேயே சுவரைப் பற்றிக் கேட்டுவிட்டாள். தலைவி டோனா ஹில்டகார்ட் முகம் சுளிக்கவில்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்.

"நாங்களும் எத்தனையோ வருஷமா நெனைக்கிறதுதான். கேக்கத்தான் ஆள் இல்ல. நீங்களே உங்க ஆளுங்ககிட்ட பேசி அவங்க படங்கள வாங்கிட்டு வாங்களேன்."

குன்றில் ஜுராந்திராவுக்கு ஒரு ஆளையும் தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்தாள், எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் குன்றேறினாள். கதவைத் திறந்தவர்கள் மரியாதையாகக் காபி கொடுத்தார்கள், படம் கொடுக்கவில்லை. அவள் பேசும் விதமே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி, "மேல ஏறி வர வெள்ளக்காரங்களுக்கு மூச்சு வாங்குதாம், அதான் பஹியாக்காரிய அனுப்பிருக்காங்க" என்றாள். ஜுராந்திராவும் சிரித்துவைத்தாள். இறங்கி வரும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் உதிர்ந்துவிட்டது.

ஆனாலும் விடாமல் போனாள். ஒருத்திக்கு ஊசி போட்டுவிட்டாள், ஒருவரின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்னாள். மெல்ல மெல்ல அலமாரிகள் திறந்தன. ஒரு கல்யாணப் படம் வந்தது. கால்பந்து அணி ஒன்று வந்தது. பாட்டுச் சங்கத்தில் கறுப்பர்களைச் சேர்க்காத காலத்தில் குன்றுக்காரர்கள் தாங்களே கட்டிக்கொண்ட விடிவெள்ளி மன்றத்தின் நடன விழாப் படமும் வந்தது.

கடைசியில் படம் கொடுத்தவர் அதாவுத்து. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவர் கொடுத்த படத்தில் ஊதுகருவிகளோடு ஐந்து பேர் நின்றார்கள். நடுவில் டிராம்போன் பிடித்திருப்பவர் அவருடைய அப்பா லிந்தொமார். பாட்டுச் சங்கத்தின் நடன விழாக்களுக்கு வருஷக்கணக்காக வாசித்தவர்கள் அவர்கள். சமையற்கட்டு வழியாக உள்ளே போய், வாசித்துவிட்டு, சமையற்கட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, அதே வழியாகத் திரும்பினார்களாம். அதாவுத்து இதையெல்லாம் மழை நிலவரம் சொல்வதுபோலச் சொன்னார். ஐந்து பேரின் பெயரையும் ஜுராந்திரா எழுதிக்கொண்டாள்.

முதலில் படங்களைக் கழிப்பறைக்குப் போகிற நடையில்தான் மாட்டியிருந்தார்கள். அவள் வாதாடினாள். டோனா ஹில்டகார்ட் வெட்கப்பட்டு, தன் கையாலேயே சட்டங்களைத் தூக்கிவந்து மேடைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் கேக் சாப்பிட்டார்கள். ஊருக்கு வந்தபிறகு ஜுராந்திரா இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

திறப்பு விழா ஞாயிறு மாலை. குன்றிலிருந்து யாரும் வரவில்லை. ஞாயிறு மாலையில் அங்கிருந்து பஸ் கிடையாது என்பது விழா வைத்தவர்களுக்குத் தோன்றவில்லை, அவளுக்கும்தான். படங்களுக்குப் பக்கத்தில் ஒற்றையாக நின்றாள். வந்தவர்கள் எல்லோரும் அன்பாகக் கேட்டது ஒரே கேள்வி: "இதுல உங்க அப்பா யாரு?"

"யாரும் இல்லீங்க. நான் பஹியா."

"ஓ" என்று சொல்லி, அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல், கேக் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். பாட்டுக்குழு ஜெர்மன் மொழியில் பாடியது. நல்ல பாட்டுத்தான். எல்லோருக்கும் வரிகள் தெரிந்திருந்தன. அவள் திரும்பி மறுபடியும் படங்களைப் பார்த்தாள். அப்போதுதான் வாத்தியக்காரர்கள் படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டை கண்ணில் பட்டது. ஐந்து பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே வரி: "நம் சங்கத்தின் விழாக்களை இனிமையாக்கிய இசை." இடம் போதவில்லை, சுருக்கிவிட்டோம் என்றார்கள் சங்கத்தார்.

அந்த வாரம் ஒருநாள் மதியம் மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது அவள் முறை. ஆள் வருகிற சத்தம் சமையற்கட்டிலிருந்து கேட்டது. அதாவுத்து தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். நேராக அப்பாவின் படத்துக்குப் போனார். வரியை இரண்டு தரம் படித்தார்.

"பேரு எங்க?"

"நான் எழுதித்தான் குடுத்தேன். சுருக்கிட்டாங்க. இன்னைக்கே மாத்திடறேன்."

"மாத்துங்க. ஆனா படத்த எறக்கிக் குடுங்க."

"பேரு போட்டுட்டா இங்கயே இருக்கலாமே?"

அவர் நாற்காலிகளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். "எங்கப்பா இந்த ஹால்ல போதும் போதும்ங்கற அளவுக்கு நின்னாச்சு, தங்கச்சி. நின்னுக்கிட்டேதான் இருந்தாரு. வீட்டுக்கு வரட்டும்." பிறகு, கோபமில்லாமல், தெரிந்துகொள்ள மட்டுமே கேட்பவர்போலக் கேட்டார்: "நீ யாருக்காக இங்க நிக்கிற?"

ஜுராந்திரா நாற்காலி போட்டு ஏறி, படத்தை இறக்கி, தூசி துடைத்துக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் போனபிறகு பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, ஐந்து பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி வெற்று ஆணிக்குக் கீழே ஒட்டினாள்.

மறுநாள் டோனா ஹில்டகார்ட் பாட்டுக்குழுவின் படம் ஒன்றோடு வந்தாள். காலி இடம் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

"இது காலியாவே இருக்கட்டும், டோனா ஹில்டகார்ட்."

"நீங்க கேட்டதெல்லாம் செஞ்சோமே. இன்னும் எங்களக் குத்திக் காட்டணுமா?" மனம் நொந்துதான் கேட்டாள். நடிப்பில்லை. அது தெரிந்ததால்தான் ஜுராந்திராவுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. சமாதானமாக ஒரு வார்த்தை சொன்னால் பழையபடி ஒரே தட்டில் கேக் சாப்பிடலாம். அவள் சொல்லவில்லை.

படம் மாட்டப்படவில்லை. கேக்குக்கு அழைப்பும் வரவில்லை.

வெற்றிடத்தின் முன்னால் ஜனங்கள் நின்று பெயர்களைப் படித்தார்கள். ஒருநாள், இளமையில் அந்த மண்டபத்தில் ஆடியவரான ஒரு கிழவர், "லிந்தொமாரா! அந்த டிராம்போனுக்கு ஆடித்தான் எனக்கு இவ கெடைச்சா" என்று பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டினார். லிந்தொமார் குடும்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

அந்தப் பேச்சு ஊருக்குள் சுற்றிச் சங்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பல கூட்டங்கள் நடந்தன, சண்டையும் நடந்தது. கடைசியில், படம் கொடுப்பவர்களே அதன் கீழே எழுத வேண்டியதை எழுதுவார்கள் என்று முடிவாயிற்று. விழாக் குழுவில் குன்றுக்கு இரண்டு இடம் ஒதுக்கினார்கள். ஒன்றில் அதாவுத்தின் தங்கை மகள் வந்து உட்கார்ந்தாள். நல்ல வாயாடி, கணக்கும் தெரிந்தவள்.

ஜுராந்திராவை அந்தக் குழுவுக்கு யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் அவள்மேல் மனஸ்தாபம் இல்லை. அவள் குன்றைச் சேர்ந்தவள் அல்லவே. சங்கத்துக்கும் இப்போது குன்றில் கேட்க ஆள் இருந்தது. இப்படித்தான் ஆகவேண்டும் என்று அவளே கூட்டத்தில் பேசியவள்தான். அதனால் வருத்தப்படவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வருஷம் விழாவுக்கு எல்லோரையும்போலப் போனாள். குன்றிலிருந்து தனிப் பேருந்து விட்டிருந்தார்கள். மண்டபம் இரைச்சலாக இருந்தது. குன்றுக்காரர்கள் தங்கள் படங்களைத் தாங்களே காட்டி, இவன் திருடன், இவள் அழகி என்று கத்திச் சிரித்தார்கள். அதாவுத்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று துணி காயப்போட்டவள் கட்டிப்பிடித்து, "பஹியாக்காரி, எளச்சிட்டியே" என்றாள். பிறகு பேருந்து ஹாரன் அடித்தது. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். பேருந்து மேட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்று.

அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பஹியாவிலிருந்து அக்கா போன் செய்தாள். விழா எப்படி என்று கேட்டாள்.

"நல்ல கூட்டம்க்கா. நிக்க எடமில்ல."

"நீ யாரோட போன?"

ஜுராந்திரா ஜன்னலைச் சாத்தினாள். "நெறைய பேர் வந்திருந்தாங்கக்கா" என்றாள்.