உங்களுக்கும் ஒரு பிரதி வரும்

செத்து நான்கு வருடம் ஆன பிறகு, 2013ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, குண்டசாலை இருளப்பனின் மகள் தர்ஷிகா தன் சேமிப்புக் கணக்கிலிருந்து நூற்று எண்பது ரூபாய் எடுத்தாள். எடுத்த இடம் வங்கியின் நாவலப்பிட்டிக் கிளை. அந்த வாரம் கண்டிச் சந்தையில் போஞ்சி கிலோ நூற்று நாற்பது. வங்கிக்குள் இது கொஞ்சம் சலசலப்பை உண்டாக்கியது உண்மைதான், ஆனால் செத்தவள் எடுத்தாள் என்பதற்காக அல்ல. அவள் செத்ததை யாரும் வங்கிக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காதது எதுவும் வங்கிக்குத் தெரியாது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் பணம் எப்படி வெளியே போகலாம் என்பதுதான் அவர்களுடைய கவலை. படிப்புச் செலவுக்குக் கொடுக்கலாம் என்று விதியில் ஒரு மூலையில் இருந்ததைத் தேடிப் பிடித்து, முகாமையாளர் முத்திரை குத்தி விஷயத்தை முடித்தார்.

இருளப்பன் பன்வில பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டி நகரத்து இரும்புக் கடையொன்றில் ஆணி நிறுத்துக் கொடுத்துக் காலம் தள்ளியவர். அவர் மனைவி சுந்தரி பல்லேகலையில் ஒரு கார்மெண்டில் காற்சட்டைகளுக்குப் பை வைத்துத் தைத்தாள். தர்ஷிகா ஒரே பிள்ளை. ஏழு வயதில் டெங்குக் காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டாள். அவள் பிறந்த மாதம் திறந்த கணக்கில் சுந்தரி சம்பள நாள்தோறும் இருநூறு ரூபாய் போட்டுவந்தாள். பிள்ளை செத்த மாதத்திலும் போட்டாள், அடுத்த மாதத்திலும் போட்டாள். மூடிவிடச் சொன்னவர்களிடம், "அது எம்புள்ள காசு, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள். பணம் போடும் சீட்டில் காரணத்தையும் எழுத வேண்டும் என்று பிற்பாடு சட்டம் வந்தபோது, அந்தக் கட்டத்தில் மாதாமாதம் "மகளுக்கு" என்று எழுதினாள். பெற்ற மனம் அப்படித்தான், அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

பாஸ் புத்தகத்தில் தேதி, தொகை, கிளை இந்த மூன்றும்தான் அச்சாகும். மற்றதை சுந்தரி விலைகளை வைத்துக் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிக்குப் போய்க் கடை கடையாக நூற்று எண்பது ரூபாய்க்கு என்ன வரும் என்று கேட்டாள். கொப்பி நான்கும் பேனை ஒன்றும் வரும் என்று ஒருவர் சொன்னதும், படிக்கிறாள் என்று நிம்மதியாக வீடு திரும்பினாள். 2015இல் ஒரே நாளில் இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் போயிருந்தது. சுந்தரி கணக்குப் பார்த்தாள், வயது பதின்மூன்று. அடுத்த கிழமையே மஞ்சள் அரைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவுக்குப் பாவாடை தாவணி தைத்து, உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து, யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் மேசையில் வைத்துவிட்டு, சாப்பிட்டுப் போனார். பாயசம் நன்றாக இருந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

பதினெட்டு வயதானதும் கணக்கு தானாகவே பெரியவர்களின் கணக்காக மாறியது. அடுத்த வருடம் அதில் இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வந்து விழுந்தது, அதற்கடுத்த மாதமும் அதே தொகை. வங்கிக் கவுண்டரில் இருந்த மஸீனா, "சம்பளம் அக்கா, மக வேலைக்குப் போறா" என்று எழுந்து நின்று சொன்னாள். சுந்தரி கார்மெண்டில் தன் வரிசைக்கு முழுக்க டொபி வாங்கிக் கொடுத்தாள். 2022இல் நாடு வங்குரோத்தாகி, இருளப்பன் காஸ் சிலிண்டரோடு மூன்று நாள் தெருவில் வரிசையில் நின்ற மாதம், தர்ஷிகாவின் கணக்கிலிருந்து சுந்தரியின் கணக்குக்கு ஐயாயிரம் ரூபாய் வந்தது. செத்த பிள்ளை அனுப்பிய காசில் அன்று அரிசியும் பருப்பும் வாங்கினார்கள். இருளப்பன் சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவினார். சுந்தரி மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள், பிள்ளை வாங்கிக் கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று.

அதன் பிறகு அரசாங்கத்துக்குப் பணம் தேவைப்பட்டது. வயது வந்த ஒவ்வொருவருக்கும் வரி இலக்கம் வேண்டும், எவர் கணக்கில் எது வருகிறது, எது போகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஆயிற்று. கண்டியில் அதற்கென்று ஒரு பிரிவு திறந்தார்கள். அங்கே இருந்து மோகனராஜ் என்ற அதிகாரி 2025 மாசியில் ஒரு கோப்போடு குண்டசாலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். போர்க்காலத்தில் சந்திக்குச் சந்தி ராணுவத்துக்கு அடையாள அட்டையைக் காட்டி வளர்ந்தவர், அதனால் அடுத்தவர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். தர்ஷிகா என்ற ஆளுக்கு அடையாள அட்டை இல்லை, வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை, சம்பளம் மட்டும் இருக்கிறது என்றார்.

"பிள்ளை இப்ப எங்கை அம்மா?"

"வேலைக்குப் போயிருக்கா" என்றாள் சுந்தரி. "செத்துட்டா சார்" என்றார் இருளப்பன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. மோகனராஜ் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அவர் கெட்டவர் அல்ல. "செத்த ஆக்களின்ர பேரில கணக்கு வைச்சு எத்தினை பேர் போதைத் தூள் வித்த காசை மாத்துகினம் தெரியுமோ? அதைப் பிடிக்கத்தான் இந்தப் பாடு" என்று விளக்கினார். இரண்டு வழி இருந்தது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் கணக்கு மூடப்படும், இருப்பது பெற்றோருக்கு வரும். இல்லையென்றால், கணக்கைத் திறந்தவள் என்ற முறையில் சுந்தரி ஒரு கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு எந்தக் கடை, எந்த பஸ், யாரிடமிருந்து, யாருக்கு என்று எல்லாவற்றையும் பிரிவு பார்க்கும். "உங்களுக்கும் ஒரு பிரதி வரும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் சுந்தரி விழுந்துவிட்டாள்.

"வயசுக்கு வந்த புள்ள" என்றார் இருளப்பன். "அது செலவ நம்ம எதுக்குப் பாக்கணும்? காசு அனுப்புது, நல்லா இருக்குதுன்னு தெரியுது. அது போதும் சுந்தரி."

"பெத்தவ பாக்காம வேற யாரு பாப்பா?" என்று கேட்டு, அவள் கையெழுத்து வைத்தாள்.

திங்கட்கிழமைதோறும், அரச பணிக்கு என்று அச்சிட்ட பழுப்பு உறை வரத் தொடங்கியது. அந்த மூன்று மாதத்தில் சுந்தரியைப் போலச் சந்தோஷமான பெண் குண்டசாலையில் இருந்ததில்லை. மகள் பார்மசி ஒன்றில் வேலை செய்கிறாள். அறை வாடகை எட்டாயிரம். மாலை ஐந்தேகாலுக்கு ஒரே பேக்கரியில் மீன் பணிஸ் ஒன்று, நூற்றிருபது ரூபாய். தலைக்கு வைக்கும் எண்ணெய் சுந்தரி வைக்கும் அதே எண்ணெய். வெள்ளிக்கிழமைகளில் பூ நூறு ரூபாய்க்கு. சுந்தரி ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். இருளப்பன் அந்தக் காகிதங்களைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நேரத்துக்குச் சாப்புடுறாளா?" என்று மட்டும் கேட்பார். சாப்பிடுகிறாள் என்பாள் சுந்தரி.

வைகாசியில் ரொஹான் என்ற பெயர் வந்தது. அவனுக்கு இரண்டாயிரம் போயிருந்தது, அவனிடமிருந்து மூவாயிரம் வந்திருந்தது, பிறகு நகைக் கடையொன்றில் முற்பணம் பத்தாயிரம். வேதக்காரப் பையனாக இருப்பானோ என்று சுந்தரி பயந்தாள். யாரும் இல்லாத ஊரில் பிள்ளையை ஏமாற்றுகிறானோ என்று அதைவிடப் பயந்தாள். கார்மெண்டில் அரைநாள் லீவு போட்டு நாவலப்பிட்டிக்குப் போனாள். பார்மசியில், இப்போதுதான் டீ குடிக்கப் போனாள் என்றார்கள். அறை வீட்டுக்காரி, இப்போதுதான் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள் என்றாள். பேக்கரிக்கு ஐந்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பணிஸ் தட்டில் ஒன்று குறைந்திருந்தது.

"இப்பத்தானே எடுத்துட்டுப் போச்சு அந்தப் புள்ள" என்றார் பேக்கரிக்காரர். சுந்தரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒங்க சாயல் அப்புடியே இருக்கு" என்றும் சொன்னார்.

சுந்தரி அந்தச் சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலில் பேக்கரி இல்லை. பூ இல்லை. அறை வாடகை வேறு ஒருவர் பெயருக்குப் போயிருந்தது. பிள்ளை தன்னைக் கண்டிருக்கிறாள், கண்டு ஒதுங்கியிருக்கிறாள் என்பது அவளுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியும் மனம் கேட்கவில்லை. அந்த மாதச் சம்பள நாளில் இருநூறு ரூபாயைப் போட்டபோது, காரணம் எழுதும் கட்டத்தில் மகளுக்கு என்று எழுதாமல், "ரொஹான் யாரு?" என்று எழுதினாள். மஸீனா சீட்டை வாங்கி ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் இருந்தது, ஆனால் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

பத்து நாளில் கணக்கு மூடப்பட்டது. தர்ஷிகா நாவலப்பிட்டிக் கிளைக்கு நேரில் வந்து, படிவத்தை ஒழுங்காக நிரப்பி, சதம் மிச்சமில்லாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கண்டிக் கிளைக்கு வந்த நகலை மஸீனா, காட்டக் கூடாதது என்று தெரிந்தும் காட்டினாள். உருண்டை உருண்டையான கையெழுத்து. மூடும் காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல் இருந்தது: "பார்க்கிறார்கள்."

அரசாங்கத்தைச் சொன்னாளா, தாயைச் சொன்னாளா என்று அந்தச் சொல்லில் தெரியவில்லை. தன்னைத்தான் என்று சுந்தரி எடுத்துக்கொண்டாள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "வேற எங்கயாவது கணக்கு வச்சிருக்காளாம்மா?" என்று கேட்டாள்.

"வெச்சிருந்தாலும் அத ஒங்களுக்குச் செல்ல ஏலா அக்கா" என்றாள் மஸீனா. அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

ஏழு வயதில் போனபோதுகூட வீட்டில் இப்படிச் சத்தமில்லாமல் இருந்ததில்லை. திங்கட்கிழமைகளில் இருளப்பன் கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் மகாவலி ஆற்றுப் பாலத்தடியில் நின்றுவிட்டு வந்தார், கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால். மனைவியை அவர் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அது சுந்தரிக்கு அடி வாங்கியதைவிட வலித்தது. ஆவணி கடைசியில் மோகனராஜ் மறுபடி வந்தார். கணக்கு மூடினாலும் கோப்பு மூடாது என்றார். பெயர் இருக்கும்வரை இயந்திரம் எல்லா வங்கியிலும் தேடிக்கொண்டே இருக்கும்.

"தேடுனா கெடச்சிருவாளா சார்?"

"ஓம் அம்மா. ரெண்டு மூண்டு மாசத்தில. விலாசத்தோட வரும்." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்களுக்கும் ஒரு பிரதி வரும்."

நிறுத்துவதற்கு என்ன வழி என்று சுந்தரி கேட்டாள். இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்றார் அவர். செத்தவர்களை இயந்திரம் தேடாது. ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான், பிறகு மாற்ற முடியாது. அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கோ என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

சுந்தரி ஒன்பது நாள் யோசித்தாள். சும்மா இருந்தால் போதும், கார்த்திகை முடிவதற்குள் மகளின் விலாசம் உறையில் வந்துவிடும். பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டலாம், ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிடலாம். தட்டினால் பிள்ளை மறுபடி ஓடுவாள் என்பதும் தெரிந்தது; இந்த முறை எங்கே ஓடுவாள், எத்தனை தரம்தான் ஓடுவாள், ஒரு பணிஸ் வாங்கவும் திரும்பிப் பார்த்து வாங்குவாளா என்று நினைத்து நினைத்து அவள் பழைய உறைகளைத் திரும்பத் திரும்ப எடுத்து அடுக்கினாள். பத்தாம் நாள் பிரதேச செயலகத்துக்குப் போய், பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் இடத்தில் நூற்று இருபது ரூபாய் கட்டி, பதினாறு வருடமாக எடுக்காமல் விட்ட சான்றிதழின் பிரதியை எடுத்தாள். இருளப்பனும் கூட வந்தார். அங்கேயே மர வாங்கில் உட்கார்ந்து அதை முழுக்க வாசித்தாள்: பெயர், வயது, பால், மரணத்துக்குக் காரணம். வாசித்து முடித்ததும் வாய்விட்டு அழுதாள். வரிசையில் நின்றவர்கள் நேற்று நடந்த சாவு என்று நினைத்து அவளுக்கு இடம் விட்டார்கள், ஒரு அம்மா தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

அன்று பிற்பகலே பிரிவுக்குப் போய், என் மகள் உயிருடன் இல்லை என்று எழுதிய தாளில் சுந்தரி கையெழுத்து வைத்தாள். "வடிவாய் யோசிச்சுத்தானே வைச்சனீங்கள்?" என்று கேட்டார் மோகனராஜ். "எம்புள்ளய இனிமே தேடாதீங்க சார், அவ நிம்மதியா இருக்கட்டும்" என்றாள் அவள். அவர் எழுந்து நின்று பற்றுச்சீட்டைக் கொடுத்தார். கோப்பு மூடப்பட்டது. தர்ஷிகா எங்கே இருக்கிறாள், என்ன வாங்குகிறாள், அந்த ரொஹானைக் கட்டிக்கொண்டாளா என்று இப்போது அரசாங்கத்துக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் சுந்தரி, "ஒரே மக, செத்துட்டா" என்று பதில் சொல்கிறாள். முன் சீட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கவே சொல்கிறாள், யார் எதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வார்கள் என்று தெரியாது அல்லவா. இருளப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டுகிறார்.