மிகவும் திருப்தி எனில் ஐந்து

சுகாதார அமைச்சரைத் திட்ட நினைக்கிறவர்கள் எங்களிடம்தான் வர வேண்டும். அதற்கென்றே ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. 'மக்கள் குரல் மையம்' என்று அதற்கு லட்சணமாக ஒரு பெயரும் உண்டு. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, அமைச்சர் வாங்க வேண்டிய வசவையெல்லாம் சம்பளத்துக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

எங்களுக்கு இரண்டே விதிகள். திட்டுகிறவர் வைக்கும்வரை போனை வைக்கக் கூடாது. அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் கூடாது. "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன்" என்று மட்டும் சொல்லலாம், அதுவும் தேன் குழைத்த குரலில். ஒப்புக்கொண்டால் அன்றே சீட்டு கிழிந்துவிடும். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். என் கணவரின் கடையை மூடிய நாளிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவதே என் காதின் புண்ணியத்தில்தான். ஆகவே வாய்க்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தேன்.

'ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பார்வையாளர்' என்று ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பலகை மாட்டச் சொன்ன மகராசன் எங்கள் அமைச்சர். அவரேதான், காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த தன் மாமனாருக்குப் பிறந்தநாள் என்று ஒரு பட்டாளத்தைக் கூட்டிப்போய் வார்டுக்குள்ளேயே கேக் வெட்டினார். போட்டோவில் அந்தப் பலகையும் விழுந்திருந்தது. அதன் ஆணியில்தான் பலூன் கட்டியிருந்தார்கள். ஊரே கொதித்தது. அவர் டிவியில் வந்து, "நடந்ததற்கு முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன். தொடர்ந்து பணியாற்றுவேன்" என்றார். ஏற்றுக்கொண்ட பொறுப்பை எங்கே வைத்தாரோ தெரியவில்லை. நாற்காலியில் வைக்கவில்லை, அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் காது காதாக இல்லை. அப்படி ஒரு மதியம் வந்த குரலைக் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. என் மாமியார்!

அத்தையின் வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. குடித்த தம்ளரைக் குடித்த கையோடு கழுவ வேண்டும், செருப்பு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். எதிர்த்துக் கேட்டால் "சட்டம்னா சட்டம்" என்பார். என் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வீட்டில் நான் பேசி அவர் கேட்டால்தானே! தேன் குழைத்த குரலை நானும் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. எனக்குப் போனில் பேசுகிற வேலை என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது.

"ஏம்மா, அந்த மனுஷன் இன்னும் பதவியிலதான் இருக்காரா?"

"உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன்."

"நான் எங்கம்மா கருத்து சொன்னேன்? கேள்விதானே கேட்டேன்!" என்றார். "எங்க வீட்டுக்காரர் கடைசியா படுத்திருந்தப்ப ஒரு ஆள்தான் உள்ள போகலாம்னுட்டாங்க. கையெழுத்து போடணும்னு பையன் போனான். நான் கேட்டுக்கு வெளியில நின்னேன். வாட்ச்மேன் 'ரூல்ஸ்ம்மா'ன்னான், 'சரிப்பா'ன்னேன். உள்ள அவர் என்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாராம். அப்புறம் பையன் வெளிய வந்து, முடிஞ்சிடுச்சும்மாங்கறான்."

அத்தையே தொடர்ந்தார்.

"சண்டை போட்டாவது உள்ள போயிருக்கணுமோ? சட்டத்தை மதிச்சது நான் செஞ்ச தப்பா? அதை மட்டும் சொல்லும்மா."

மாமனார் போனபோது அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சம் என்று நினைத்திருந்தேன். இப்போது என் வாயில் போட்டிருந்த பூட்டு தெறித்துவிட்டது.

"இல்லம்மா. உங்க மேல தப்பே இல்ல. தப்பு அமைச்சர் மேலதான். அவர்தான் பதவியை விட்டு வீட்டுக்குப் போயிருக்கணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நல்லா இரும்மா" என்றார்.

பேசி முடித்ததும் ஒரு இயந்திரக் குரல் வரும். 'உங்கள் கோபம் தணிந்ததா? இல்லை எனில் ஒன்றையும், மிகவும் திருப்தி எனில் ஐந்தையும் அழுத்தவும்.' எல்லோரும் போனை உடைக்கிற வேகத்தில் ஒன்றைத்தான் அழுத்துவார்கள். அத்தை ஐந்தை அழுத்தினார்.

மையம் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து வந்ததே இல்லை. சுவரில் இருந்த பெரிய திரையில் அதைப் பார்த்ததும் மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். கெடவில்லை என்று தெரிந்ததும், நாங்கள் 'மைக்செட்' என்று அழைக்கும் எங்கள் மேலாளர் மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் பூரித்துப்போய், அந்தப் பேச்சின் பதிவை எல்லோருக்கும் பாடமாகப் போட்டுக் காட்டச் சொன்னது. என்னை முன்வரிசையில் உட்கார வைத்துக் கைதட்டினார்கள். வேண்டாம் சார் என்றேன். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"எல்லாரும் காதைத் தீட்டிக்கங்க. பேசினா இப்படிப் பேசணும்!" என்று மைக்செட் பொத்தானை அழுத்தினார்.

என் குரல் ஒலித்து முடிந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டிவிட்டு, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

மைக்செட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்று, தேன் குழைத்த குரலில் சொன்னேன்: "நடந்ததற்கு முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன் சார். தொடர்ந்து பணியாற்றுவேன்."

அவர் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "அதெல்லாம் அமைச்சர் சொன்னாத்தாம்மா எடுபடும். ஹெட்செட்டைக் கழட்டி வெச்சிட்டுப் போ."

வீட்டில் அத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

"வேலை போச்சு அத்தை. ரூல்ஸை மீறிட்டேன்."

"மீறினா அனுப்பத்தான் செய்வாங்க. சட்டம்னா சட்டம். அப்படி என்னத்தைப் பண்ணின?"

"போன்ல ஒரு அம்மாகிட்ட, உங்க மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டேன்."

அத்தை என்னையே பார்த்தார். தம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்தார்.

"நான் அஞ்சுதானே போட்டேன்?" என்றார்.

"அஞ்சு வந்ததாலதான் அத்தை, போட்டுக் கேட்டாங்க."

அத்தை போனை எடுத்து, அதே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது என் பக்கத்து சீட்டுக்காரி. அத்தை தொண்டை கட்டும்வரை அமைச்சரைத் திட்டித் தீர்த்தார். அவள், பாவம், ஒவ்வொன்றுக்கும் "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன்" என்றாள். பிறகு இயந்திரக் குரல் வந்தது.

அத்தையின் விரல் பொத்தான்களின் மேல் நின்றது. "ஒண்ணு போட்டா அந்தப் பொண்ணு வேலை போயிடுமா?"

"போகாது அத்தை. ஒண்ணு போட்டாத்தான் நிலைக்கும்."

அத்தை பார்த்துப் பார்த்து, மெதுவாக, ஒன்றை அழுத்தினார்.