மதிய உணவு எந்த மாடியில்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன்' என்று என்னை வீட்டில் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொண்டு, போன மாதம் ஒரு மழைக்கு மாநாட்டு அரங்கம் ஒன்றில் ஒதுங்கினேன். வாசலில் இருந்தவர்கள் என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். இணையத்தைக் கட்டி நடத்தும் பொறியாளர்கள் நானூறு பேர் அங்கே கூடியிருந்தார்கள். எனக்கோ வைஃபையை அணைத்து மறுபடி போட மட்டும்தான் தெரியும்.

இந்தக் கதை அங்கே கிடைத்தது. (மதியச் சாப்பாட்டுக்காகத்தான் எழுந்து போகாமல் இருந்தேன் என்பதை அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன்.)

2

முதல் வரி: மேடையில் நின்றவளின் கண்களில் ஒரு கடல்...

வேண்டாம். கடைசி வரிசையிலிருந்து கண்ணே தெரியவில்லை.

இரண்டாவது முயற்சி: தொடக்க அறிவிப்பு சொல்ல வந்தவள் ஒரு தங்கை. மூன்று நாளாக வயர் இழுத்து அரங்கத்துக்கு இணைப்பு கொடுத்தவளும் அவள்தான். பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் மைக்கை இவள் கையில் திணித்துவிட்டார்கள். ஊரில் அவளுடைய அக்கா நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படி என்னதான்டி வேலை பாக்குற?" என்று பதினொரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அக்கா. இன்று பத்து நிமிடத்துக்காகத் தன் பேக்கரிக் கடையைச் சாத்தியிருந்தாள்.*

* கடை உண்மை. அது பேக்கரி என்பது என் சொந்தச் சரக்கு.

3

கழிப்பறை எங்கே, அவசர வழி எங்கே என்று சொல்லி முடித்த தங்கை, வைஃபையின் பெயரைச் சொன்னாள். அங்கேதான் சனி பிடித்தது. 'எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாப்போம்' என்று நானூறு பேரும் லேப்டாப்பைத் திறந்து வேகத்தைச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

"மதிய உணவு..." என்று அவள் வாயெடுத்தபோது கையிலிருந்த போன் அதிர்ந்தது. பார்த்தாள். மைக்கிலேயே படித்தாள்.

"'வாயத் தொறந்தபடியே நிக்கிற. ஈ போயிரும்.' எங்க அக்கா அனுப்பியிருக்கா. நேரலை நின்னுபோச்சு."

அரங்கம் சிரித்தது. சிரித்துவிட்டு, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க இன்னும் மும்முரமாகச் சோதித்தது. தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வீட்டிலிருக்கும் அத்தனை குழாயையும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரிதான். நேரலைக்குத் தனி இணைப்பு வேண்டுமா என்று கேட்டபோது, "இதுவே தாங்கும்" என்று சொன்னதும் தங்கைதான்.

"எல்லாரும் லேப்டாப்ப மூடுங்க!"

முதல் வரிசைத் தாடிக்காரர் நிமிரவே இல்லை. "ஒரு நிமிஷம்மா, எங்க அடைக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"நீங்கதான் சார் அடைக்கிறீங்க!"

4

இங்கே ஒரு முடிவு எழுதியிருந்தேன்: அவள் மேடையிலிருந்து குதித்து, சர்வர் அறைக்கு ஓடி... அடித்துவிட்டேன். அவள் ஓடவில்லை. குரலை இறக்கினாள்.

"நான் என்ன வேலை பாக்குறேன்னு எங்க அக்காவுக்குத் தெரியாது. கடையச் சாத்திட்டு உக்காந்திருக்கா. இன்னும் நாலு நிமிஷந்தான் இருக்கு. மூடுங்களேன்."

தாடிக்காரர் முதலில் மூடினார். பிறகு வரிசை வரிசையாக மூடினார்கள். (என்னிடம் லேப்டாப் இல்லை, வாயை மூடிக்கொண்டேன்.) நேரலையைக் காட்டும் ஓரத்துத் திரையில் உறைந்து நின்ற படம் அசைந்தது. தங்கை கேமராவைப் பார்த்தாள்.

"அக்கா, தெரியுதா? இதான் என் வேலை. எல்லாரும் ஒரே நேரத்துல வந்தாலும், முட்டிக்காம அவங்கவங்க போக வேண்டிய எடத்துக்கு அனுப்பி வைக்கிறது."

கடைசி வரிசையில் நான் எழுந்து நின்று கைதட்டினேன். எழுத்தாளன் இதைச் சொல்லக் கூடாது என்பார்கள், சொல்லிவிட்டேன்.

5

போன் மறுபடி அதிர்ந்தது. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் படித்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் சிரித்தபடியே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மதியம், உலகத்துக்கே வழி காட்டுகிற நானூறு பேரும் சாப்பாடு எந்த மாடியில் என்று தெரியாமல் படிக்கட்டில் முட்டிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். நானும்தான்.

அக்கா என்ன எழுதினாள்? ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். ஏழிலும் பாராட்டிவிட்டாள், ஏழும் பொய். இனி நீங்கள் எழுதுங்கள். அக்காவுக்குப் பாராட்ட வராது. கடை திறக்க ஒரு நிமிடம்தான் இருக்கிறது. ஆனால் படிக்கிறவளுக்குச் சாப்பாட்டு அறிவிப்பே மறந்துபோக வேண்டும்.