கோப்பை உடைக்கிறவர்கள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவில் எல்லோரும் படித்தவர்கள். துறைமுகம், தணிக்கை அலுவலகம், வங்கி என்று மாற்றலாகி கல்கத்தாவுக்கு வந்த தமிழர்கள். டாக்குரியா ஏரியைச் சுற்றி ஓடுவார்கள். ஓடியதைவிட அதிக நேரம் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். முழங்கால் கெட்டபிறகு நான் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறவன் ஆனேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை.

போன வருடப் பந்தயம் முடிந்தபோது பிளாஸ்டிக் கோப்பைகள் ஏரியில் மிதந்தன. காலை நடைக்கு வரும் வங்காளிப் பெரியவர்கள் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழுவில் ஜலஜா ஒருத்திக்குத்தான் அது உறைத்தது. பள்ளியில் கணக்கு டீச்சர். ஷூ போட்டால் காலெல்லாம் கொப்பளம் என்று வெறுங்காலோடு ஓடுவாள், எப்போதும் கடைசியில். இந்த வருடம் மண் கோப்பை வாங்கலாம் என்று சொன்னவள் அவள்தான். காளிகாட் சந்தில் அலைந்து வாங்கி வந்தவளும் அவள்தான்.

பந்தயம் நான்கு சுற்று. போன இரண்டு வருடமும் அவள் மூன்றாவது சுற்றோடு நின்றுவிட்டாள். கணவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்திருந்தது. "இந்தத் தடவை முடிச்சுட்டுத்தான் சார் ரயில் ஏறுவேன்" என்று என்னிடம் சொன்னாள்.

புறப்படுமுன் எங்கள் தலைவர் கிரிதர் எல்லோரையும் கை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாசித்தார். ஏரியைக் காப்போம், குப்பை போடமாட்டோம். புதிதாக அடித்த பச்சைச் சட்டைகளில் எல்லோரும் உரக்கச் சொன்னார்கள்.

முதல் இரண்டு சுற்றிலும் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குப் படம் எடுக்க வந்தவர் என் தண்ணீர் மேஜை அருகே நின்றார். அவர் நின்றவரை ஒவ்வொருவரும் தண்ணீரைக் குடித்து, காலிக் கோப்பைக்காக நான் வைத்திருந்த சாக்கில் குனிந்து வைத்தார். பிள்ளையைத் தூளியில் கிடத்துகிற மாதிரி.

பிறகு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது சுற்றில் முதலில் வந்தவர் கிரிதர். குடித்தார். இந்த ஊர் டீக்கடைகளில் தினமும் செய்கிற மாதிரியே கோப்பையைக் காலடியில் வீசினார். அது பட்டென்று உடைந்தது.

"சாக்கு இருக்கு சார்."

"மண்ணுதானே ராகவேந்திரன்! மண்ணுக்கே போகட்டும். நீங்கதான் இருக்கீங்களே, கூட்டிடுங்க."

அடுத்தவர் சாக்கைப் பார்த்தார், கிரிதரின் முதுகைப் பார்த்தார், வீசினார். அதற்கடுத்தவர் சாக்கைப் பார்க்கவே இல்லை. நாலைந்து பேருக்குப் பிறகு யார் கோப்பை அதிகம் சிதறுகிறது என்று போட்டி. உறுதிமொழி எழுதியவர்களும் அச்சடித்தவர்களும் அதில் இருந்தார்கள். இவர்களைத் திருத்த ஒரு கேமரா போதும் என்று தெரிந்தது. கெடுக்க, முன்னால் ஓடுகிறவனின் ஒரு கை போதும். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

அந்த இடத்தில் பாதை குறுகல். ஒரு பக்கம் வேலி, மறு பக்கம் ஏரிச் சரிவு. கையில் அகப்பட்ட பெரிய சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஜலஜா வந்துவிட்டாள்.

"நில்லும்மா! சில்லு!"

காதில் விழுந்தது, ஆனால் கால் நிற்கவில்லை. குதிகாலில் ஒரு சில்லு ஏறியது. உட்கார்ந்து, அதைப் பிடுங்கி, கைக்குட்டையால் காலைக் கட்டினாள். சுற்றிலும் கிடந்ததைப் பார்த்தாள். யார் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "மண்ணுதானே, மண்ணுக்கே போகட்டும்னு கிரிதர்தான் ஆரம்பிச்சார்" என்று நானே சொன்னேன்.

"செருப்பைக் கழட்டுங்க சார்."

என் செருப்பு அவள் காலுக்கு இரண்டு மடங்கு. டப் டப்பென்று அடித்துக்கொண்டு நாலாவது சுற்றுக்குப் போனாள். இரத்தம் பட்ட சில்லைக் கையில் மூடிக்கொண்டு போனாள்.

மிச்சத்தைப் பொறுக்கி, சாக்கைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு முடிவுக் கோட்டுக்கு நடந்தேன். ரிப்பனைச் சுருட்டியிருந்தார்கள். பச்சைச் சட்டைகள் பேனருக்குக் கீழே படத்துக்கு நின்றன. ஜலஜா நொண்டிக்கொண்டே வந்து, ரிப்பன் இல்லாத இரண்டு கம்பங்களுக்கு நடுவே கடந்தாள்.

"அட, ஆம்பளைச் செருப்பா! ஜலஜா மேடம் டிஸ்குவாலிஃபைட்!" என்றார் கிரிதர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் நேராகப் போய் அவர் உள்ளங்கையில் சில்லை வைத்தாள்.

"உங்க கோப்பை சார். மண்ணுக்குத்தானே போகணும்? நீங்களே போட்டுடுங்க."

"யாரோ போட்டதுக்கு நான்..." என்று ஆரம்பித்தவர் கேமரா தன் பக்கம் திரும்புவதைக் கவனித்தார். முகம் மாறியது. சில்லை இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்து, தூரத்திலிருந்த குப்பைத் தொட்டிவரை நிதானமாக நடந்து, குனிந்து போட்டார். கைதட்டினார்கள்.

பிறகு மலரில் அந்தப் படம்தான் வந்தது.

ஜலஜா புல்லில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாரில் இரத்தம்.

"நாலு முடிஞ்சுது, இல்ல சார்?"

"முடிஞ்சுதும்மா."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.